மாதுளை தின்றால் ரத்தம் ஊறுமா?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்து பதினோராவது கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது, என் மடியில் ஒரு மாதுளம்பழம் வந்து விழுந்தது. வெள்ளை வலைச்சட்டை போட்டு, நெற்றியில் ஸ்டிக்கர் ஒட்டிய பழம். பக்கத்து இருக்கை ஆயாவின் மஞ்சள் பையிலிருந்து உருண்டு வந்திருந்தது.

"பேத்திக்குங்க தம்பி. ரத்தம் கம்மின்னு டாக்டரம்மா சொல்லிப்போட்டாங்க" என்றார், பழத்தை வாங்கிக்கொண்டே. ஜன்னலில் தலை சாய்த்திருந்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். ஐந்தாறு மாதக் கர்ப்பம். உதடு வெளுத்திருந்தது.

பையில் நான்கு பழங்கள். கிலோ இருநூற்றுச் சொச்சம் சொன்னார்களாம். காபித் தோட்டத்தில் பாதி நாள் குனிந்து நிமிர்ந்தால் கிடைக்கிற கூலி அது. பழங்களுக்கு அடியில், ஆஸ்பத்திரிச் சீட்டோடு, சிவப்பு மாத்திரைப் பட்டைகள் இரண்டு. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அது போட்டா வயித்தப் பெரட்டுதுங்க. வெளிக்கும் கருப்பாப் போகுதாம். பழமே குடுத்துப்போடலாம், ரத்தந்தானே ஊறோணும்?"

அந்த ஆயாவைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நோயாளியைப் பார்க்கப் போகும்போது நானும் மாதுளைதான் வாங்கிப் போகிறேன். ஆஸ்பத்திரி வாசல் பழக்கடைகளில் மாதுளை எப்போதும் முன்வரிசையில் இருக்கும். 'ரத்தம் ஊறும்' என்ற ஒற்றை வரியில்தான் அந்த வியாபாரமே நடக்கிறது. இரண்டாகப் பிளந்து வைத்த பழத்தைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நிறம் அப்படி.

கணக்கு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுப் பார்ப்போம்.

பத்துக் கிலோ முத்து

நூறு கிராம் மாதுளை முத்தில் இருக்கும் இரும்புச்சத்து சுமார் 0.3 மில்லிகிராம். கால் கிலோ எடையுள்ள பழத்தை உரித்தால் பாதிக்குச் சற்று மேல் முத்து தேறும். ஆக, ஒரு முழுப் பழம் தின்றாலும் அரை மில்லிகிராம் இரும்புகூட வயிற்றுக்குள் போகாது.

வயது வந்த பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வகுத்த அளவு சொல்கிறது. அதை மாதுளையிலிருந்து மட்டும் எடுப்பதென்றால் தினமும் பத்துக் கிலோ முத்து தின்ன வேண்டும். ஆயாவின் பைக்குள் பிரிக்கப்படாமல் கிடந்ததைப் போன்ற கர்ப்பிணி மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. இருபது கிலோ முத்துக்குச் சமம். அரசு அதைக் காசு வாங்காமல் கொடுக்கிறது.

நிறத்துக்கும் இரும்புக்கும் சம்பந்தமே இல்லை. ரத்தம் சிவப்பாக இருப்பது ஹீமோகுளோபினால். மாதுளை சிவப்பாக இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமியால். செம்பருத்தியிலும் நாவல் பழத்திலும் இருப்பது அதே குடும்பத்து நிறமிதான்.

சரி, மாதுளையில் வைட்டமின் சி இருக்கிறதே, மற்ற உணவிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச அது உதவுமே என்று கேட்கலாம். நூறு கிராமுக்குப் பத்து மில்லிகிராம் இருக்கிறது. அதே பழத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமுள்ளது. ஒரு கை கொடுப்பதை மறு கை பிடுங்குகிறது. கொய்யாவிலும் நெல்லிக்காயிலும் வைட்டமின் சி பல மடங்கு. விலையோ மாதுளையின் பக்கத்தில்கூட வராது.

■ பெட்டிச் செய்தி: இரும்பு எங்கே இருக்கிறது? (நூறு கிராமில், ஏறக்குறைய)
மாதுளை முத்து: 0.3 மி.கி.
முருங்கைக்கீரை: 4.5 மி.கி.
கேழ்வரகு: 4.6 மி.கி.
கர்ப்பிணிகளுக்கான அரசு மாத்திரை ஒன்றில்: 60 மி.கி.

பாதிக்கு மேல்

இது ஒரு பேருந்தின் கதை மட்டுமாக இருந்தால் எழுத வந்திருக்க மாட்டேன். 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆஸ்பத்திரியும் படிப்பும் சாலையும் பெருகிய மாநிலத்தில் இந்த எண்.

2018-ல் மத்திய அரசு 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தைக் கொண்டுவந்தது. பள்ளியில் படிக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை; கர்ப்பிணிகளுக்குத் தினமும் ஒரு சிவப்பு மாத்திரை, 180 நாட்கள். மாத்திரை கைக்கு வந்துவிடுகிறது. வாய்க்குப் போவதில்தான் சிக்கல். வயிற்றைப் புரட்டுவதும் மலச்சிக்கலும் உண்மையான தொந்தரவுகள், பொய்யில்லை. மலம் கறுப்பதற்கோ பயப்பட வேண்டியதே இல்லை. உடம்பு எடுத்துக்கொண்டது போக மிஞ்சிய இரும்பு வெளியேறும் நிறம் அது. இந்த ஒரு வார்த்தையை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் எத்தனையோ பட்டைகள் பிரிக்கப்படும். சொல்ல நேரமில்லாத இடத்தில் மாதுளை வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காபி விஷயமும் உண்டு, அதுவும் இந்த மலையில். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்தார் என்பது ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறு. சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபியும் டீயும் உணவிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை வெகுவாகக் குறைக்கும் என்பது அவ்வளவு பரவவில்லை. களியும் கீரையும் தின்றுவிட்டு உடனே ஒரு டம்ளர் காபி குடிப்பவர், களியிலிருந்தும் கீரையிலிருந்தும் வந்த இரும்பில் பெரும்பகுதியைத் தொலைக்கிறார். குறைந்தது ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

சித்த மருத்துவம் என்ன சொல்கிறது?

"ரத்தசோகைக்குச் சித்த வைத்தியத்தில் மாதுளை கொடுக்கிறார்களே" என்று ஒருவர் கேட்பார். கொடுக்கிறார்கள். மாதுளை மணப்பாகு என்று பெயர். பழச்சாற்றைச் சர்க்கரையோடு பாகாகக் காய்ச்சுவது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும் பித்தத்துக்கும் இன்றும் அது கைகண்ட மருந்து.

தமிழ்நாட்டில் இளம்பெண்களுக்குச் சித்த மருந்துகள் கொடுத்து நடந்த ஆய்வு ஒன்றைப் பற்றி 2025-ல் ஆயுஷ் அமைச்சகம் செய்தி வெளியிட்டது. 2,648 பேரில் தொடங்கி 2,300 பேர் 45 நாள் மருந்தை முழுதாக எடுத்துக்கொண்டனர். ஹீமோகுளோபின் கூடியது என்கிறது ஆய்வு. கொடுத்த மருந்துகள் நான்கு: அன்னபேதி செந்தூரம், பாவனக் கடுக்காய், மாதுளை மணப்பாகு, நெல்லிக்காய் லேகியம்.

பட்டியலில் முதலில் நிற்பதைக் கவனியுங்கள். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. ஆங்கில மருந்துக் கடையில் ஃபெரஸ் சல்ஃபேட் என்று விற்கும் அதே சரக்கைத்தான் சித்தர் மரபு செந்தூரமாகப் பக்குவம் செய்கிறது. வாந்திக்கும் பித்தத்துக்கும் கொடுக்கிற மணப்பாகு அதற்குத் துணைக்குப் போகிறது. இரும்பு வேண்டிய இடத்தில் இரும்பைத்தான் வைத்தியர் வைத்தார். பழம் மட்டும் போதும் என்று சொன்னது பழக்கடைதான், வைத்தியர் சொல்லவில்லை.

அப்படியென்றால் மாதுளை எதற்கு?

நிறையவற்றுக்கு. ரத்தம் ஊறும் என்ற ஒரே பேச்சில் மற்றதெல்லாம் அமுங்கிப்போய்விட்டது.

முதலில் ரத்த அழுத்தம். மாதுளைச் சாறு குடித்தவர்களை வைத்து நடந்த எட்டுச் சோதனைகளை 2017-ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மேல் அழுத்தம் சராசரியாக ஐந்து புள்ளி குறைந்திருந்தது. மாத்திரையை நிறுத்தும் அளவுக்குப் பெரிய எண் அன்று. தள்ளிவிடக்கூடிய எண்ணும் அன்று. உப்பைக் குறைத்து, நடையைக் கூட்டுகிறவர் தட்டில் மாதுளைக்கு ஓர் இடம் கொடுக்கலாம்.

அடுத்தது நார்ச்சத்து. நூறு கிராம் முத்தை விதையோடு மென்று தின்றால் நான்கு கிராம் நார் கிடைக்கும். நம்மில் பலர் விதையைத் துப்புகிறோம், அல்லது ஜூஸ் போட்டு வடிகட்டுகிறோம். வடிகட்டிய சக்கையோடு நாரும் குப்பைக்குப் போகிறது. டம்ளரில் மிஞ்சுவது சர்க்கரைத் தண்ணீர். நூறு கிராம் முத்திலேயே இயல்பாகப் பதிமூன்று கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்க, ஜூஸ் கடைக்காரர் இன்னும் இரண்டு கரண்டி போடுகிறார். சர்க்கரை நோயாளிக்கு மாதுளை ஆகாது என்பதில்லை. அரைப் பழம், விதையோடு, மென்று. ஜூஸ் மட்டும் வேண்டாம்.

மூன்றாவது விஷயம் கொஞ்சம் விசித்திரமானது. மாதுளையில் புனிகலஜின் என்ற பொருள் இருக்கிறது. அதை உடம்பு அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் உடைத்து, யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றித் தர வேண்டும். எல்லார் வயிற்றிலும் அந்த வேலையைச் செய்யும் பாக்டீரியா இருப்பதில்லை. ஒரே பழத்தை அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி தின்றாலும் ஒருவருக்குக் கிடைப்பது மற்றவருக்குக் கிடைக்காமல் போகலாம். 'மாதுளை தின்று எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், அது அவர் குடலின் கதை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

■ பெட்டிச் செய்தி: நீதிமன்றம் ஏறிய ஜூஸ்
அமெரிக்காவில் 'பாம் ஒண்டர்ஃபுல்' என்ற மாதுளைச் சாறு நிறுவனம், தன் சாறு இதய நோயையும் ப்ராஸ்டேட் புற்றுநோயையும் ஆண்மைக் குறைவையும் தடுக்கும், தீர்க்கும் என்கிற மாதிரி விளம்பரம் செய்தது. அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2010-ல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் ஆராய்ச்சிகள் அந்த அளவுக்குப் பேசவில்லை என்று ஆணையம் தீர்மானிக்க, 2015 ஜனவரியில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2016-ல் உச்ச நீதிமன்றம் மனுவை எடுக்கவே மறுத்துவிட்டது.

மலையின் பெயரில் ஒரு பழம்

ஏற்காட்டில் இறங்கி, ஏரிக்கரையோரப் பழக்கடையில் நின்றேன். மாதுளைகள் சிவப்பாக, ஒரே அளவில், பளபளவென்று அடுக்கியிருந்தன. "எந்த ஊர்ப் பழங்க?" "நாசிக்குங்க சார், பகவா. இங்க ஏது மாதுளை?" கடைக்காரர் சிரித்தார்.

அவர் நிற்கிற இடத்தின் பெயரிலேயே ஒரு மாதுளை ரகம் இருக்கிறது. ஏற்காடு-1. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் தேர்வு செய்யப்பட்டு 1980-களில் வெளியானது. நடுத்தர அளவுப் பழம். தோல் சுலபமாக உரியும், விதை மெத்தென்று இருக்கும், முத்து ஆழ்ந்த ஊதாச் சிவப்பு. விதை துப்பும் பழக்கமுள்ள நமக்கென்றே செய்த மாதிரியான பழம்.

ஆனாலும் சந்தையை ஆள்வது பகவா ரகம்தான். இந்திய மாதுளையின் தலைநகர் மகாராஷ்டிரம். மாதுளைக்கான தேசிய ஆராய்ச்சி மையமே 2005 முதல் சோலாப்பூரில் இருக்கிறது. பகவாவின் தோல் தடிமன். லாரியில் ஆயிரம் கிலோமீட்டர் வந்தாலும் நசுங்காது. சுலபமாக உரியும் தோல் தின்பவருக்கு நல்லது, லாரிக்கு நல்லதில்லை.

மலையிலேயே தோட்டமாகப் போடக் கூடாதா? 1,800 மீட்டர் உயரம் வரை மாதுளை வளரும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. ஏற்காடு ஊர் சுமார் 1,500 மீட்டர்தான். உயரம் தடையில்லை, ஈரம்தான் தடை. குளிர்ந்த பனிக்காலமும் வறண்ட வெயில் காலமும் அமைந்த ஊரில்தான் மாதுளை தரமாக வரும். இங்கே கோடையில் இடியோடு மழை. அந்த மழையில்தான் காபி பூக்கும். தோட்டக்காரர்கள் வானம் பார்த்துக் காத்திருப்பார்கள். காபிக்கு வரமான அதே மழை மாதுளைக்குச் சாபம். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் மாறி மாறிக் கிடைத்தால் பழம் வெடிக்கும். போரான் சத்துக் குறைந்தாலும் வெடிக்கும். ஈரத்தில் பாக்டீரியா கருகல் நோய் வேறு. பழத்தோலில் எண்ணெய் பட்ட மாதிரிப் புள்ளிகள் விழுவதால் மராத்திய விவசாயிகள் அதைத் 'தேல்யா' என்கிறார்கள். அந்த நோயில் அங்கே தோப்பு தோப்பாக அழித்தவர்கள் உண்டு.

அதனால் மலையில் தோப்பு வேண்டாம். வீட்டுக்கு ஒரு மரம் போதும். வேர்விட்ட போத்து அல்லது பதியன் ஒன்று, இரண்டடி ஆழ அகலத்தில் குழி, நாள் முழுக்க வெயில் படும் இடம். பிஞ்சு எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பையோ துணிப் பையோ கட்டிவிட்டால், பழத்தின் மேல் முட்டையிட வரும் பட்டாம்பூச்சி ஏமாந்து போகும். சமவெளியில் வறண்ட மண்ணிலும் நன்றாகவே வரும் மரம். கொல்லையில் நிற்கிற மரத்துக்குக் கிலோ இருநூறு ரூபாய் என்று விலைப்பலகை கிடையாது.

தோலும் ஒரு சரக்கு

உரிக்கத் தெரியாததாலேயே மாதுளையைத் தவிர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். கத்தியால் நடுவில் வெட்டினால் முத்து உடைந்து சட்டை நாசம், கறை போகாது. கிரீடத்தைச் சுற்றி மட்டும் மேலோட்டமாக ஒரு வட்டம் கீறி மூடியை எடுங்கள். உள்ளே வெள்ளைச் சவ்வு அறை அறையாகப் பிரிந்திருப்பது தெரியும். அந்தச் சவ்வு போகும் கோட்டிலேயே தோலை மேலிருந்து கீழே கீறி, இரண்டு கட்டை விரலால் விரித்தால் பூப்போல மலரும். ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் முத்து அடியில் தங்கும், சவ்வு மிதக்கும். ஐந்து நிமிட வேலை.

தயிர்சாதத்தில் மாதுளை போடுவது கல்யாணப் பந்தி நாகரிகம் என்று நினைத்திருந்தேன். சங்க நூலான பெரும்பாணாற்றுப்படையிலேயே மாதுளை சமையலறைக்கு வந்துவிடுகிறது. பசுங்காயைப் பிளந்து, வெண்ணெயில் வேகவைத்து, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். மிளகாய் இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பு. ஏற்காட்டு சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கும் மிளகுக் கொடிகளைப் பார்த்தபோது, அந்தப் பொரியலை ஒரு நாள் செய்து பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஏற்காடு உணவு விடுதி எதற்காவது பெயர் வாங்க ஆசையிருந்தால், இதோ யோசனை இலவசம்.

உரித்த தோலைக் குப்பையில் போடாதீர்கள். வெயிலில் காயவைத்தால் ஓடு மாதிரி விறைத்துவிடும். வயிற்றுப்போக்குக்கு அதை அரைத்து மோரில் கலந்து கொடுத்தது நம் பாட்டிகளின் கைவைத்தியம். டானினின் துவர்ப்பு அங்கே வேலை செய்கிறது. பெரியவர்களுக்குச் சரி. கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்பு சர்க்கரைக் கரைசலும் ஆஸ்பத்திரியும்தான். அதே ஓட்டை வேகவைத்த நீரில் படிகாரம் சேர்த்துப் பருத்தித் துணியை நனைத்தால் நல்ல மஞ்சள் ஏறும். இரும்பு உப்பு சேர்த்தால் சாம்பல் பச்சையாக மாறும். இயற்கைச் சாயம் தோய்ப்பவர்கள் இன்றும் மாதுளை ஓட்டை மூட்டையாக வாங்குகிறார்கள். கைக்குச் சிவப்பூட்டும் மருதாணியும் துணிக்கு மஞ்சளூட்டும் மாதுளையும் தாவரவியல்படி ஒரே குடும்பம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

■ பெட்டிச் செய்தி: கவனம்
வேர்ப்பட்டை: குடலில் நாடாப்புழுவைக் கொல்ல முன்பு பயன்பட்டது. பெல்லட்டியரின் என்ற நச்சு அதிலிருக்கிறது. வீட்டில் தொடவே கூடாது, கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது.
சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள்: பொட்டாசியம் உண்டு, நூறு கிராமுக்கு 236 மி.கி. மருத்துவரிடம் கேட்டுத் தின்னவும்.
ரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள்: மாதுளைச் சாற்றைத் தினசரிப் பழக்கமாக்குவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லவும்.

கடைசி நிறுத்தத்துக்கு முன்

ஆயாவும் பேத்தியும் ஊருக்கு முன்பே ஒரு தோட்டத்து நிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தேன். மாத்திரையை வெறும் வயிற்றில் போடாமல் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் புரட்டல் குறையும், கறுப்பாகப் போவது கெடுதல் இல்லை, அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடாமல் நர்ஸம்மாவிடம் சொன்னால் வேறு மருந்து தருவார்கள், காபியைத் தள்ளிக் குடிக்கட்டும் என்று. "அப்ப பழம் வேண்டாங்களா?" என்று ஆயா கேட்ட குரலில் ஏமாற்றம் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல மனசு வரவில்லை, சொல்லவும் தேவையில்லை. "பழமும் குடுங்க, மாத்திரையும் குடுங்க ஆயா" என்றேன். பேத்தி அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒரு கர்ப்பிணியோ பள்ளிக்குப் போகும் பெண்ணோ இருந்தால், இன்றைக்கே அந்த மாத்திரைப் பட்டையை எடுத்துப் பாருங்கள். எத்தனை குழி இன்னும் பிரிக்காமல் இருக்கிறது என்று எண்ணுங்கள்.